தல சிரிச்சார், பதில் சொல்லலை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவர் காலேஜ் செகண்ட் இயர். கேள்வியைச் சுத்தி வளைக்காம கேட்டிருந்தார்: "அண்ணா, எபிசோடுக்கு எபிசோட் வெளிப்படைத்தன்மை, பொறுப்புன்னு பேசுறீங்க. ஆனா சிஎஸ்கே மேட்ச் வந்தா மஞ்சள் ஜெர்சியோட ஸ்டோரி போடுறீங்க. 2013-ல நாங்கல்லாம் சின்னப் பசங்க. இப்போ தேடிப் பார்த்தா ஒரு பக்கம் 'தல தங்கம்'னு இருக்கு, இன்னொரு பக்கம் 'ஃபிக்ஸிங் டீம்'னு இருக்கு. உண்மையில என்னதான் நடந்தது? அது தெரிஞ்சும் நீங்க எப்படி ஃபேனா இருக்கீங்க?"

நல்ல கேள்வி. ஒரு வரியில பதில் சொல்ல முடியாததால ஒரு எபிசோடே போட்டுட்டேன். முதல்ல என்ன நடந்ததுன்னு பார்ப்போம். அப்புறம் ஃபேன் விஷயத்துக்கு வரலாம்.

ஒரே ஃப்ரேம்ல நாலு பேர்

2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். முதல் டி20 உலகக் கோப்பையோட ஃபைனல். கடைசி ஓவர்ல பாகிஸ்தானுக்கு 13 ரன் வேணும், கையில ஒரே ஒரு விக்கெட். ஹர்பஜனுக்கு இன்னும் ஒரு ஓவர் பாக்கி இருக்கு. ஆனா தோனி பந்தைக் கொடுத்தது ஜோகிந்தர் சர்மாகிட்ட. முதல் பந்தே வைடு. கொஞ்ச நேரத்துல ஒரு சிக்ஸ். 4 பந்துல 6 ரன் போதும்ங்கிற நிலைமை. கேப்டன் முகத்துல ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த பந்தை மிஸ்பா உல் ஹக் பின்பக்கமா தூக்கி அடிக்கப் பார்த்தார், பந்து நேரா மேல போச்சு, ஷார்ட் ஃபைன் லெக்ல ஸ்ரீசாந்த் பிடிச்சார். 5 ரன்ல ஜெயிச்சோம். 'கேப்டன் கூல்'ங்கிற பேருக்கு அஸ்திவாரம் அங்கதான் விழுந்தது.

அந்த வீடியோவை அந்தப் பந்துல நிறுத்திப் பாருங்க. அடிச்சவர் மிஸ்பா. எதிர்முனையில நிக்கிறவர் முகமது ஆசிஃப். கேட்ச் பிடிச்சவர் ஸ்ரீசாந்த். ஸ்டம்புக்குப் பின்னாடி தோனி.

மூணு வருஷம் கழிச்சு, 2010 ஆகஸ்ட்ல, லார்ட்ஸ் டெஸ்ட்ல காசு வாங்கிக்கிட்டு வேணும்னே நோ-பால் போட்ட விவகாரம் வெடிச்சது. கேப்டன் சல்மான் பட், ஆசிஃப், முகமது ஆமிர் மூணு பேருக்கும் தடை வந்தது. 2011-ல இங்கிலாந்து நீதிமன்றம் சிறைக்கும் அனுப்பியது. அந்த இடிபாட்டுல இருந்து பாகிஸ்தான் டெஸ்ட் டீமைத் தூக்கி நிறுத்தற பொறுப்பு வந்து விழுந்தது மிஸ்பா தலையில. ஆறு வருஷம் கழிச்சு, 2013-ல, ஸ்ரீசாந்த் கைது. நாலு பேர்ல மிச்சம் இருக்கிறவர் தோனி. அவர் பேர்ல எந்த வழக்கும் கிடையாது. ஆனா அவர் கேப்டனா இருந்த வீட்டுக்குள்ளேயே போலீஸ் வந்தது.

2013 மே

மே 16. ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் மூணு பேரையும் டெல்லி போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு ஸ்பாட் ஃபிக்ஸிங். மேட்ச் யார் ஜெயிக்கிறதுங்கிறதை மாத்த வேண்டியதில்லை, ஒரு குறிப்பிட்ட ஓவர்ல இத்தனை ரன் கொடுக்கிறேன்னு புக்கிகிட்ட முன்கூட்டியே பேசி வைக்கிறதுதான் ஸ்பாட் ஃபிக்ஸிங். இடுப்புல டவல் சொருகினது சிக்னல்னு போலீஸ் சொன்னது அப்போதான்.

இதுவரைக்கும் அது பக்கத்து வீட்டுப் பிரச்சினை. மே 24-ல நம்ம வீட்டுக் கதவைத் தட்டினாங்க. சூதாட்ட வழக்குல மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தது. அவர் இந்தியா சிமென்ட்ஸ் ஸ்ரீனிவாசனோட மருமகன். சிஎஸ்கே டீமோட 'டீம் பிரின்சிபல்'னு அறியப்பட்டவர், டீமோடவே இருந்தவர். கைதான அன்னைக்கே இந்தியா சிமென்ட்ஸ் ஒரு அறிக்கை விட்டது: அவர் ஓனரும் இல்லை, சிஇஓவும் இல்லை, டீம் பிரின்சிபலும் இல்லை, நிர்வாகக் குழுவில் ஒரு கௌரவ உறுப்பினர் மட்டுமே.

ரெண்டு நாள் கழிச்சு, மே 26, ஈடன் கார்டன்ஸ்ல ஃபைனல். மும்பைக்கு எதிரா 149 அடிக்கணும். 3 ரன்னுக்கு 3 விக்கெட். தோனி தனியா நின்னு 63 நாட் அவுட். 23 ரன்ல தோத்தோம். அப்போ நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க தெருவுல அன்னைக்கு ராத்திரி யாரும் குருநாத்தைப் பத்திப் பேசலை. 'மனுஷன் கடைசி வரைக்கும் நின்னாருடா'ன்னு மட்டும்தான் பேச்சு.

அந்தச் சிரிப்பு

மே 28. சாம்பியன்ஸ் டிராஃபிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மும்பைல பிரஸ் மீட். இந்தியக் கேப்டனா தோனி உட்கார்ந்திருக்கார். ஸ்பாட் ஃபிக்ஸிங் பத்தி ஒண்ணு மாத்தி ஒண்ணு கேள்வி. போர்டோட மீடியா மேனேஜர் குறுக்க வந்து 'டூர் பத்தி மட்டும் கேளுங்க'ன்னு தடுக்கிறார். தோனி ஒரு வார்த்தை பேசலை. சிரிச்சார். அவ்வளவுதான்.

சரியா 26 நாள் கழிச்சு, ஜூன் 23, பர்மிங்காம். மழையால 20 ஓவரா சுருங்கிப் போன சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல். இங்கிலாந்துக்கு 18 பந்துல 28 ரன் வேணும், மார்கனும் போபாராவும் செட் ஆகி நிக்கிறாங்க. பந்து இஷாந்த் சர்மாகிட்ட போச்சு. அதுவரைக்கும் நல்லா அடி வாங்கியிருந்தவர். அந்த ஓவர்லயும் ஒரு சிக்ஸ், வைடு வேற. நாம டிவி முன்னாடி தலைல கை வெச்சுட்டோம். அடுத்தடுத்த பந்துல மார்கன், போபாரா ரெண்டு பேரும் காலி. 5 ரன்ல கப் நமக்கு.

ஒரு ஃபேனா நம்ம மூளை இங்கதான் ஒரு வேலை பண்ணுச்சு. 'பார்த்தியா, மனுஷன் வாயால பதில் சொல்லலை, கப்பால சொல்லிட்டார்.' அன்னைக்கு ஃபேஸ்புக் முழுக்க இந்த வசனம்தான்.

யோசிச்சுப் பாருங்க. இஷாந்துக்கு ஏன் ஓவர் கொடுத்தீங்கங்கிற கேள்விக்கு அந்தக் கப் பதில். குருநாத்துக்கு டீம்ல என்ன வேலைங்கிற கேள்விக்கு அது எப்படிப் பதிலாகும்? கேள்வியும் பதிலும் வேற வேற டேபிள். நடுவுல ஜாயின் பண்ண ஒரு காலம் கூட கிடையாது. ஆனா நாம பண்ணினோம். களத்துல அவரோட நிதானம் எப்பவும் சரியா வந்திருக்கு, அதனால வெளியில அவரோட மௌனமும் சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டோம்.

நம்ம மூணு வாதங்கள்

சிஎஸ்கே ஃபேன்ஸ்கிட்ட இதைப் பத்திப் பேசினா மூணு பதில் வரும். மூணையும் நேர்மையா எடைபோடலாம்.

முதல் வாதம்: 'சிஎஸ்கே வீரர் ஒருத்தர் மேலகூட ஃபிக்ஸிங் நிரூபிக்கப்படலை.' உண்மை. குருநாத் விஷயத்துல நிரூபணம் ஆனது சூதாட்டமும், டீம் தகவல்களை வெளியே கொடுத்ததும். 'ஃபிக்ஸிங் டீம்'னு எதிர்க்கட்சிக்காரங்க கத்துறது தப்புதான். இன்னொண்ணும் சொல்லணும். ஸ்ரீசாந்த் உட்பட எல்லாரையும் டெல்லி நீதிமன்றம் 2015-ல வழக்கிலிருந்து விடுவிச்சது. ஆனா போர்டோட தடை அவரை விடலை, ஆயுள் தடை 7 வருஷமா குறைஞ்சு 2020-லதான் முடிஞ்சது.

ரெண்டாவது வாதம்: 'ஓனர் குடும்பம் பண்ணதுக்கு கேப்டன் என்ன பண்ணுவார்?' இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க 2008-க்குப் போகணும். போர்டு நிர்வாகிகள் யாரும் போர்டு நடத்தற போட்டிகள்ல வியாபார லாபம் வெச்சுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருந்தது, எண் 6.2.4. ஸ்ரீனிவாசன் அப்போ போர்டு பொருளாளர். அவரோட இந்தியா சிமென்ட்ஸ் 2008-ல சென்னை டீமை வாங்குச்சு. அதே வருஷம் விதியைத் திருத்தி ஐபிஎல்லுக்கு விலக்கு கொடுத்தாங்க. 2011-ல அவரே போர்டு தலைவர்.

நம்மள்ல நிறைய பேர் ஐடி வேலைல இருக்கோம், அதனால இப்படிச் சொல்றேன். உங்க டீம்ல ஒருத்தர் தானே கோட் எழுதி, தானே ரிவ்யூ பண்ணி, தானே அப்ரூவ் கொடுத்து மெர்ஜ் பண்றார்னு வைங்க. கோட் நல்லாவே இருக்கலாம். அவர் நல்லவராவே இருக்கலாம். ஆனா அது நல்ல கோடுதான்னு வேற யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. நலன் முரண்னு சொல்றது இதைத்தான்.

இதுல தோனி எங்க வர்றார்? அவர் ஒரே சமயத்துல இந்தியக் கேப்டன், சிஎஸ்கே கேப்டன், இந்தியா சிமென்ட்ஸ்ல துணைத் தலைவர் பதவியிலும் இருந்தவர். 2012-ல, வெளிநாட்டுல வரிசையா டெஸ்ட் தோல்விகளுக்கு அப்புறம், அவரைக் கேப்டன் பதவியிலேர்ந்து எடுக்கத் தேர்வுக் குழு நினைச்சப்போ ஸ்ரீனிவாசன் தடுத்தார். குழுவுல இருந்த மொஹிந்தர் அமர்நாத் இதை வெளியில சொன்னார். ஸ்ரீனிவாசனும் பின்னாடி ஒப்புக்கிட்டார். இதுல எதுவுமே குற்றம் இல்லை. ஆனா போர்டு தலைவரும் டீம் முதலாளியும் ஒரே ஆளா இருந்து, இந்தியக் கேப்டன் அவர்கிட்டயே வேலை பார்க்கும்போது, 'அது ஓனர் விஷயம், எனக்குச் சம்பந்தம் இல்லை'ன்னு சொல்ற அளவுக்கு நடுவுல தூரம் இல்லை.

மூணாவது வாதம்: 'சென்னைன்னா வடக்குல பொறாமை.' கேட்க நல்லா இருக்கும், ஆனா நிக்காது. ராஜஸ்தான் டீமுக்கும் அதே தண்டனைதான் கிடைச்சது. முட்கல் குழு அறிக்கை கொடுத்தது 2014-ல. 2015 ஜனவரி 22-ல 6.2.4 திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. தீர்ப்புச் சொன்ன ரெண்டு நீதிபதிகள்ல ஒருத்தர் கலிஃபுல்லா, நம்ம தமிழ்நாட்டுக்காரர். மூடி மறைக்க ஸ்ரீனிவாசன் முயற்சி பண்ணார்ங்கிற புகார் நிரூபணமாகலைன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. 2015 ஜூலை 14-ல லோதா குழு, குருநாத்துக்கும் ராஜஸ்தானோட ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுள் தடை, ரெண்டு டீம் நிர்வாகத்துக்கும் 2 வருஷம் தடைன்னு அறிவிச்சது. 2016, 2017 ரெண்டு சீசனும் சேப்பாக்கத்துல சிஎஸ்கே இல்லை.

முட்கல் குழு 13 பேர் கொண்ட ஒரு பட்டியலை சீல் வெச்ச கவர்ல நீதிமன்றத்துகிட்ட கொடுத்தது. அதுல இருந்த வீரர்கள் பேரை நீதிமன்றம் வெளியிடலை. அந்தக் கவர்ல யாருன்னு யூகிக்கிற விளையாட்டை இங்க நான் ஆடப் போறதில்லை. யாருன்னு தெரியாம யாரையாவது சந்தேகப்படுறது, யாரையாவது கும்பிடுறது மாதிரியே சோம்பேறித்தனம்.

ஒரு வார்த்தை

தோனியை நேரடியா தொடுற விஷயம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஒரே ஒரு வார்த்தை. முட்கல் அறிக்கைல ஒரு இடம் வருது. குருநாத் வெறும் கிரிக்கெட் ஆர்வலர்தான், டீம் விவகாரத்துல அவருக்குச் சம்பந்தமில்லைன்னு ஸ்ரீனிவாசன், தோனி, இந்தியா சிமென்ட்ஸ் அதிகாரிகள் சொன்னதா அதுல இருக்கு. அந்த வாதத்தைக் குழு ஏத்துக்கலை.

2017-ல ராஜ்தீப் சர்தேசாயோட புத்தகத்துல தோனி இதை அடியோட மறுத்திருக்கார். களத்துல எடுக்கிற முடிவுகள்ல குருநாத்துக்குப் பங்கு இல்லைன்னு மட்டும்தான் சொன்னேன், ஆர்வலர்ங்கிறது பச்சைப் பொய்னு சொல்லியிருக்கார். அந்த 'என்தூசியாஸ்ட்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையை எனக்கு உச்சரிக்கக்கூட வராதுன்னு ஒரு ஜோக்கும் சேர்த்து.

படிச்சப்போ சிரிச்சேன். தலன்னா தலதான். ஆனா சிரிச்சு முடிச்சா ஒரு விஷயம் தோணுது. அறிக்கை வந்தது 2014 பிப்ரவரி. இந்த விளக்கத்தை நாம படிச்சது 2017. நடுவுல மூணு வருஷம். அவர் சும்மா இருந்தார்னும் சொல்ல முடியாது. தன்னை ஃபிக்ஸிங்கோட சேர்த்துப் பேசினவங்க மேல 2014-லயே சென்னை உயர் நீதிமன்றத்துல 100 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்கு போட்டார். மேட்ச் ஃபிக்ஸிங் பண்றது கொலையைவிடப் பெரிய குற்றம்னு 2019-ல வந்த டாக்குமென்டரில சொன்னார். 2013 தன் வாழ்க்கையிலேயே ரொம்பக் கஷ்டமான காலம்னும் சொன்னார். நான் அதை நம்பறேன். ஆனா நம்பறது வேற, பதில் கிடைக்கிறது வேற. ஃபிக்ஸிங் தப்புன்னு அவர் சொல்லணும்னு யாரும் காத்துக்கிட்டு இல்லை. குருநாத் டீம் கூட்டங்கள்ல உட்கார்ந்தாரா, டீம் விஷயம் அவர்கிட்ட எவ்வளவு போச்சு, அது தெரிஞ்சப்போ கேப்டனுக்கு எப்படி இருந்தது? இதுதான் ஃபேன் கேட்க வேண்டிய கேள்வி.

மே 28 அன்னைக்குப் பேசாததுக்கு அவர் பக்கம் நியாயம் இருக்கு. போர்டு ஒப்பந்தம் இருக்கு, விசாரணை நடக்குது, பக்கத்துல மீடியா மேனேஜர். ஆனா அதுக்கப்புறம் எத்தனையோ மே 28 வந்து போச்சு.

எதுக்குக் கோபம் வரும்

2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். கடைசி ஓவர். ஸ்டோக்ஸ் போட்ட பந்துக்கு அம்பயர் நோ-பால் காட்டற மாதிரி காட்டி, அப்புறம் இல்லைன்னுட்டார். அவுட் ஆகி வெளியில உட்கார்ந்திருந்த தோனி எழுந்து நேரா மைதானத்துக்குள்ள நடந்து போயிட்டார். சம்பளத்துல பாதி அபராதம். அந்த வீடியோ பார்த்தா அவருக்கும் கோபம் வரும்னு தெரியுது. ஒரு நோ-பாலுக்கு உள்ள போனவர் இதுக்கும் போயிருக்கலாமேன்னு எனக்குத் தோணும்.

இந்த இடத்துல மிஸ்பாவை நினைச்சுக்குவேன். அவரும் அதே ரகம், சத்தம் போடாத ஆள். 36 வயசுல, டீமை விட்டு ஒதுக்கி வெச்சிருந்த நேரத்துல, கேப்டனாக்கினாங்க. சொந்த மண்ணுல டெஸ்ட் ஆட முடியாத ஒரு டீமை 2016-ல உலகின் நம்பர் 1 ஆக்கினார். ஆமிர் தடை முடிஞ்சு மறுபடி டெஸ்ட் ஆட வந்தது அதே லார்ட்ஸ்ல, மிஸ்பா கேப்டன்சில. மிஸ்பாவோட அமைதி ஊழலுக்குப் பதிலாவே நின்னது, ஏன்னா அவர் அந்த ஊழலுக்கு வெளியில இருந்தவர். ஆட்டத்தைத் தவிர அவர் விளக்க வேண்டியது எதுவும் இல்லை. தோனி நிலைமை வேற. அவர் அந்த வீட்டுக்குள்ள இருந்தவர். உள்ள இருக்கிறவங்க அமைதியா இருந்தா, வெளியில நிக்கிற நமக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் ஏன் மஞ்சள் ஜெர்சி?

இப்போ அந்தத் தம்பி கேட்ட ரெண்டாவது கேள்வி.

2018-ல சிஎஸ்கே திரும்பி வந்தது. காவிரிப் போராட்டம் சூடா இருந்த நேரம். சேப்பாக்கத்துல ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது, மத்ததெல்லாம் புனேவுக்கு மாறிடுச்சு. அப்போ சென்னையிலேர்ந்து ஒரு ஸ்பெஷல் ரயில் நிறைய ரசிகர்களை ஏத்திக்கிட்டு புனே போச்சு. ராத்திரி முழுக்க விசில். அந்த ரயில்ல போனவங்க யாரும் சூதாடலை, யாரும் விதியைத் திருத்தலை. ஆனா ரெண்டு வருஷத் தடையோட கஷ்டத்தை அனுபவிச்சது அவங்களும்தான். அந்த டீம் அவங்களுதும்தான்.

அதனால நான் மஞ்சளைக் கழட்டப் போறதில்லை. ஜோகிந்தருக்குக் கொடுத்த ஓவர் நிஜம். இஷாந்துக்குக் கொடுத்த ஓவர் நிஜம். பதற்றத்துல கத்தாம ஒருத்தர் முடிவெடுக்க முடியும்னு எங்க செட்டுக்குக் காட்டினவர் அவர். புரொடக்‌ஷன் டவுன் ஆகி எல்லாரும் கத்திக்கிட்டு இருக்கிற கால்ல நான் இன்னைக்கும் அந்த முகத்தைத்தான் நினைச்சுக்கறேன். அதையெல்லாம் பொய்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனா அந்த நிதானம் ஒரு திறமை. யார்க்கர் மாதிரி, ஹெலிகாப்டர் ஷாட் மாதிரி ஒரு திறமை. அதை நன்னடத்தைச் சான்றிதழா நாம மாத்திக்கிட்டா, அது அவர் நம்மகிட்ட கேட்டதும் இல்லை, நாம கொடுக்க வேண்டியதும் இல்லை.

நக்கீரர் கதை எல்லாருக்கும் தெரியும். சிவனே நேர்ல வந்து நின்னப்பவும் பாட்டுல பிழை இருக்குன்னு சொன்னவர். அதுக்காக அவரைச் சிவபக்தர் இல்லைன்னு இந்த ஊர்ல யாரும் சொன்னதில்லை. சாமிகிட்டயே அந்த உரிமை இருக்கிற ஊர்ல, ஒரு கேப்டன்கிட்ட கேள்வி கேட்டா 'நீயெல்லாம் ஃபேனா?'ன்னு கேட்கிறதுதான் எனக்குப் புரியலை.

தம்பி, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். சிஎஸ்கேவை ஃபிக்ஸிங் டீம்னு யாராவது சொன்னா, ஆதாரத்தோட மறுத்துப் பேசுங்க. அவங்க 'சரி, குருநாத் யாரு?'ன்னு கேட்டா, 2010, 2011, 2018, 2021, 2023-ன்னு கப் எண்ணிக்கையைப் பதிலா சொல்லாதீங்க. 'அதுக்கு எங்க அப்போதைய கேப்டன் இன்னும் முழுசா பதில் சொல்லலை'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு மேட்ச் பாருங்க. விசில் அடிங்க.

அடுத்த எபிசோட்ல, இதே லோதா குழு 2016 ஜனவரில போர்டைச் சீரமைக்கக் கொடுத்த பரிந்துரைகள் என்ன, அதுல எது நடந்தது, எது காணாம போச்சுன்னு பேசலாம். கோபம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரே கண்டிஷன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. பார்க்கலாம் மக்களே.